தற்காலிக டீச்சரா போன ஸ்கூல்ல நீங்க செஞ்ச டிஎல்எம் (கற்பித்தல் துணைப்பொருள்) – அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஒரு தொடக்கப்பள்ளியில எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு மூலமா சேர்ந்தேன். 2022 ஜூலைல வந்த அறிவிப்புப்படி இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500 ரூபா, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. அந்த 7,500-ல சார்ட், ஸ்கெட்ச், லேமினேஷன்னு இறங்கினா வீட்டுக்கு என்ன மிஞ்சும்? அதனால காசு போடாம என்ன செய்யலாம்னுதான் யோசிச்சேன்.

நாலாவதும் அஞ்சாவதும் ஒரே ரூம்ல. "முந்நூத்தி அஞ்சு எழுதுங்க"ன்னா பாதிப் பேர் 3005னு எழுதுறாங்க. இதுக்காக பிள்ளைங்கள மக்குன்னு சொல்றவங்க மேல எனக்கு ரொம்பக் கோபம் வரும், காதுல முந்நூறு விழுது கை 300 எழுதுது, அடுத்து அஞ்சு விழுது பக்கத்துலயே 5 போட்டுடுது, அந்தப் பிள்ளை யோசிச்ச வரைக்கும் அது சரிதானே. போர்டுல இடமதிப்பு கட்டம் போட்டுப் போட்டுச் சொன்னா தலையாட்டுவாங்க, நோட்டுல மறுபடி 3005தான்.

பழைய கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வீடு கிடக்கும்ல, கெட்டி அட்டையா, பின்பக்கம் எழுத இடத்தோட. பிள்ளைங்கள எடுத்துட்டு வரச் சொன்னேன். 100, 200னு நூறுகள் எழுத அட்டை நீளமா, 10, 20னு பத்துகளுக்கு அதவிட கம்மியா, 1, 2னு ஒண்ணுகளுக்கு இன்னும் சின்னதா வெட்டினோம். 300 அட்டை மேல 5 அட்டையை வலது ஓரத்துல சரியா வெச்சா கடைசி சைபர் மறைஞ்சு 305 ஆயிடும். மேல இருக்கறத எடுத்தா அடியில 300 அப்படியே இருக்கும். ஒரு பையன் எடுத்து எடுத்து வெச்சுப் பாத்துட்டு, "டீச்சர், சைபர் எங்கயும் போகல, அஞ்சுக்கு அடியிலதான் இருக்கு"ன்னு கத்தினான், வகுப்பே அவன் பக்கம் ஓடிடுச்சு. இது ஒண்ணும் புதுசு இல்லைங்க, மாண்டிசோரி முறையில இந்த அட்டை ரொம்ப காலமா இருக்கு, அதை உருவாக்கின மரியா மாண்டிசோரி அம்மா 1939-ல நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவங்கதான்.

நாம எப்ப வேணா அந்த ஸ்கூலை விட்டுப் போக வேண்டியிருக்கும். அதனால நாம பக்கத்துல நின்னு விளக்கினாத்தான் புரியும்ங்கற மாதிரி எதையும் செய்யக் கூடாதுன்னு நான் நெனைக்கிறேன். நீங்க என்ன செஞ்சீங்க?

*

நான் மேத்ஸ் பட்டதாரி. மேடம் ஒருத்தங்க மகப்பேறு லீவுல போன இடத்துக்கு பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) வழியா போனேன், 2021 ஜூலைலேர்ந்து அந்த லீவு 12 மாசம் ஆயிட்டதால கிட்டத்தட்ட ஒரு முழு வருஷ சிலபஸும் நம்ம கையிலதான். எனக்குக் கைகொடுத்தது சைக்கிள் கடை வால்வ் டியூப்பும் தீக்குச்சியும். டியூப்பை சின்னச் சின்னதா நறுக்கி ரெண்டு பக்கமும் குச்சியைச் சொருகணும், மூலைக்கு மூலை இப்படிச் சேத்துட்டே போனா முக்கோணம், சதுரம் எல்லாம் வந்துடும். சதுரத்தை லேசா அழுத்தினா சாஞ்சு சாய்சதுரம் ஆயிடும், முக்கோணத்தை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. சதுரத்துக்குக் குறுக்க, மூலைக்கு மூலை, கொஞ்சம் நீளமான ஒரு குச்சி போட்டாப் போதும், அதுவும் நின்னுடும். எட்டாவது பொண்ணு ஒண்ணு உடனே "சார் அதான் செல்போன் டவர்ல குறுக்குக் கம்பி போட்டிருக்காங்களா"ன்னு கேட்டுச்சு. வேண்டாத பொருள்ல அறிவியல் பொம்மை செஞ்சு காட்டற அரவிந்த் குப்தா சார் 1978-ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துல இருந்தப்ப உருவாக்கினது இது, அவரோட வெப்சைட்ல தமிழ் வீடியோவும் ஃப்ரீயா இருக்கு, பாருங்க. குச்சியோட மருந்து முனையை மட்டும் முதல்லயே உடைச்சு எடுத்துடுங்க.

*

டீச்சர் சொன்னது நல்லாத்தான் இருக்கு, ஆனா நாம போன பிறகு பொருள் ஓடணும்னா முதல்ல அது பீரோவுக்கு வெளிய இருக்கணுமே. நான் வேலை பாத்த ஒரு ஸ்கூல்ல ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறின பொருள் எதுவும் பிள்ளைங்க கைக்கு வராது, ஒண்ணு தொலைஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு பயம். அவங்க பயமும் புரியுது, ஆனா எண்ணும் எழுத்தும் திட்டத்துல கத்துக்கிட்ட அளவை வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்கள நிலை பிரிச்சு உக்கார வெச்சுட்டு, அரும்புல இருக்கற பிள்ளைக்குத் தொட்டுப் பாக்க ஒண்ணுமே இல்லன்னா என்னங்க நியாயம். அதனால நான் ரிஜிஸ்டர்ல ஏத்தற அளவுக்கு எதையுமே செய்யறதில்ல. புளியங்கொட்டை, சோடா மூடி, காலண்டர் பின்பக்கம் எழுதின எழுத்து அட்டை, எல்லாம் ஒரு துணிப்பையில போட்டு ஜன்னல் கம்பியில கட்டிடுவேன். கூடவே ஒரு 40 பக்க நோட்டு, எந்தப் பிள்ளை எந்த எழுத்துல நிக்குது, எந்த அட்டையைக் கொடுத்தா பிடிச்சுக்குதுன்னு எழுதி வெப்பேன். அடுத்து வர்றவங்களுக்கு சார்ட்டை விட அந்த நோட்டுதான் முக்கியம்னு அடிச்சுச் சொல்வேன்.

*

நோட்டு யோசனை அருமைங்க, இனிமே நானும் வெப்பேன். நான் முதல்ல சொன்ன கல்யாணப் பத்திரிகை அட்டையோட அளவு கேட்டு இன்பாக்ஸ் வந்தவங்களுக்கு இங்கயே போட்டுடறேன்: நீளம் ஒண்ணுக்கு 5 செ.மீ., பத்துக்கு 10, நூறுக்கு 15, ஆயிரத்துக்கு 20. உயரம் எல்லாத்துக்கும் 6. ஒவ்வொரு இலக்கமும் 5 செ.மீ. கட்டத்துக்குள்ள அடங்கணும், இல்லன்னா மேல வெச்சதும் அடியில இருக்கற சைபர் எட்டிப் பாக்கும். 1-லேர்ந்து 9000 வரைக்கும் ஒரு செட்டுக்கு 36 அட்டை, பிள்ளைங்களே எழுதட்டும்.