பட்டன் பெட்டி வாங்கிறதோ, செய்யிறதோ, விடுறதோ

ஒட்டுசுட்டான் தம்பி: ஆராவது நிக்கிறியளோ? 16 பட்டன் மட்டும் இருக்கிற மிடி கொன்ட்ரோலர் ஒண்டு, லப்டொப் சொப்ட்வெயாருக்குக் கட்டளை அனுப்புற பெட்டி, பாக்கிறன். மிடி ஃபைட்டர் எண்டு கடையில வாற பெட்டி மாதிரி. லப்டொப்பில டீஜே செய்யிறவனுக்கு அது உதவுமோ, இல்லாட்டி காசு வீணோ?

பரந்தன் அண்ணை: இப்ப உன்னட்ட என்ன கிடக்கு எண்டு முதல் சொல்லு. ஜொக் வீல் (பாட்டைக் கையால சுத்திற தட்டு), ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டை) உள்ள கொன்ட்ரோலர் இருக்கோ, வெறும் லப்டொப்போ?

ஒட்டுசுட்டான் தம்பி: ரெண்டு சனல் கொன்ட்ரோலர் இருக்கு அண்ணை. ஹெட்போன் ஓட்டையும் அதிலயே. ஒரு பக்கத்துக்கு விரலால தட்டுற நாலு ரப்பர் பாட் தான்.

பரந்தன் அண்ணை: அப்ப யோசிக்கலாம். வெறும் லப்டொப்போட நிக்கிற ஆளுக்கு நான் வேண்டாம் எண்டு தான் சொல்லுவன். பட்டன் பெட்டிக்குள்ளால சத்தம் போறேல்ல. எந்த பட்டனை அமத்தினது, எப்ப விட்டது எண்ட செய்தி மட்டும் யூஎஸ்பியால போகும். ஹெட்போன்ல அடுத்த பாட்டைக் கேக்கோணும் எண்டால் நாலு சனல் வெளிய விடுற சவுண்ட் கார்ட் வேற வாங்கோணும். ஃபேடர் இல்லாமல் ரெண்டு பாட்டைக் கலக்கிறதும் மவுசால தான். உன்னட்ட அதெல்லாம் இருக்கிறதால, இது உனக்கு ரெண்டாவது கை.

கிளிநொச்சி சித்தப்பா: சவுண்ட் கார்ட் இல்லாத ஆக்களுக்கு ஒரு வழி இருக்கு. ஸ்ப்ளிட்டர் வயர் போட்டு இடது பக்கத்தை ஸ்பீக்கருக்கும் வலது பக்கத்தை ஹெட்போனுக்கும் பிரிக்கலாம். ரெண்டும் மோனோவாகும் (ஒற்றைச் சனல்). கலியாண மண்டபத்துக்கு மோனோ காணும், அதில குறை இல்லை. சொப்ட்வெயாருக்குள்ளயும் மாஸ்டரை (ஸ்பீக்கருக்குப் போற சத்தத்தை) இடதுக்கும் ஹெட்போனை வலதுக்கும் விடச் சொல்லிக் குடுக்கோணும்.

வவுனியா அக்கா: தம்பி, அந்தப் பட்டனால என்ன செய்யப்போறாய்? ஹொட் கியூ (பாட்டில குறிச்சு வைச்ச இடத்துக்குப் பாயிறது) அடிக்கவோ, லூப் ரோலோ (அமத்திப் பிடிக்கிற மட்டும் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பி விடுறது), சாம்பிள் (தனிச் சத்தத் துண்டு) விடவோ? அதைப் பொறுத்து தான் பதில்.

ஒட்டுசுட்டான் தம்பி: கியூ தான் அக்கா. ஒரு பாட்டில எட்டு இடத்தில கியூ வைச்சு மாத்தி மாத்தி அடிக்கிறது. ரப்பர் பாட்ல வேகமா அடிக்கேக்க சிலது விழுகுதில்லை, சிலது ரெண்டுதரம் விழுகுது.

வவுனியா அக்கா: கியூவுக்கு, நீ கேக்கிற பெட்டியில வாற ஆர்கேட் பட்டன் (விளையாட்டு மெஷின்ல இருக்கிற வட்டப் பட்டன்) நல்லா எடுபடும். ரப்பர் பாட் அமத்திற பலத்தை அளக்குது. மெல்லத் தொட்டால் எல்லைக்குக் கீழ நிண்டு விழாது, பலமாக் குத்தினால் ரப்பர் துள்ளித் திருப்பியும் விழும். ஆர்கேட் பட்டனுக்கு பலம் தெரியாது, அமந்ததோ இல்லையோ எண்டது மட்டும் தான். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில பிடிக்கும், விரல் அதைக் கெதியாப் பழகிடும். பாதி அமத்தேக்கயே பிடிக்கிறதால அடி மட்டும் குத்தத் தேவையில்லை.

வவுனியா அக்கா: ட்ரம் சத்தத்தை மெல்லவும் பலமாவும் வாசிக்கிற எண்ணம் இருந்தால் இது சரிவராது. எல்லா அடியும் 127 இல, மிடியின்ர உச்சப் பலத்தில தான் போகும். அதுக்கு அகாய் எல்பிடி8 மாதிரி பாட் வைச்சது தான் வேணும்.

பரந்தன் அண்ணை: 64 பட்டன் உள்ள லோஞ்ச்பாட் பக்கமும் போகாதை. 2009 இல நோவேஷன் அதைக் கொண்டுவந்ததே ஏபிள்டன் லைவ் எண்ட இசைச் சொப்ட்வெயார்ல கிளிப் (பாட்டுத் துண்டு) ஓடவிடுறதுக்கு. பட்டன் சின்னன், நெருக்கம். அரை இருட்டில, ஆக்கள் ஆடிக்கொண்டு நிக்கேக்க, எட்டுக்கு எட்டில சரியான கட்டத்தைக் கண்ணால தேடோணும். நாலுக்கு நாலு எண்டால் பாக்காமலே கை போகும்.

பரந்தன் அண்ணை: ஒண்டும் வாங்க முதல் ஒரு கிழமை லப்டொப் கீபோர்ட்டில கியூ அடிச்சுப் பார். டீஜே சொப்ட்வெயார் நிறையத்தில கியூவுக்கு எழுத்துக் கட்டை இருக்கு. மூண்டு கட்டையை ஒண்டா அமத்தினால் சில கீபோர்ட்டில மூண்டாவது விழாது, அது கீபோர்ட்டின்ர குறை, அதை விடு. கையில தாளம் வருகுதோ, வீட்டில இருந்து கியூ வைச்சு ஆயத்தப்படுத்த உனக்குப் பொறுமை இருக்கோ எண்டு தெரிஞ்சுபோகும். கியூ வைக்காத பாட்டுக்கு பட்டன் பெட்டி ஒண்டுக்கும் உதவாது.

ஒட்டுசுட்டான் தம்பி: கியூவை எங்க வைக்கிறது எண்டதிலயும் குழப்பம் இருக்கு. அடிச்சால் தவில் அடியின்ர முன்பக்கம் வெட்டுப்பட்ட மாதிரி கேக்குது.

வவுனியா அக்கா: திரையில தெரியிற ஒலி அலையைப் பெருப்பிச்சுப் பார். ஒவ்வொரு அடியும் ஒரு கூர் மாதிரி எழும்பும். கியூ அந்தக் கூர் எழும்பத் தொடங்கிற இடத்தில, அதுக்கு ஒரு மயிரிழை முந்தி நிக்கோணும். பாட்டு ஓட ஓட அமத்தி வைச்சால் எப்பவும் பிந்தித் தான் விழும். 20 மில்லிசெக்கன் பிந்தினாலே தோலில கை படுற சத்தம் போய் மிச்ச அதிர்வு மட்டும் கேக்கும். நிப்பாட்டி வைச்சு, முன்னுக்குப் பின்னுக்கு நகத்தி வை. வேற சொப்ட்வெயார்ல வைச்ச கியூவைக் கொண்டுவந்தால் சில எம்பி3 ஃபைல்ல 26 மில்லிசெக்கன் அளவில தள்ளி நிக்கும். எம்பி3 தொடக்கத்தில இருக்கிற வெறும் ஃபிரேமை (சத்தம் இல்லாத சின்னத் துண்டை) ஒவ்வொரு சொப்ட்வெயாரும் ஒவ்வொரு விதமா எண்ணுறதால வாற பிழை அது.

பரந்தன் அண்ணை: குவான்டைஸையும் சொல்லுங்கோ அக்கா. எங்கட பாட்டுகளுக்கு அது முக்கியம்.

வவுனியா அக்கா: ஓம். குவான்டைஸ் போட்டிருந்தால் நீ அமத்தினது சொப்ட்வெயார் பாட்டின்ர தாள அடிகளுக்குப் போட்ட பீற் கோட்டுக்கு இழுபடும். கணினியில தாளம் போட்ட புதுப் பாட்டுக்கு நல்லம். ஆக்கள் இருந்து வாசிச்ச பழைய பாட்டில தாளம் மெல்ல மெல்லக் கூடிக் குறையும், கோடு நேரா நிக்க பாட்டு விலகிப் போகும். அதில குவான்டைஸ் போட்டால் உன்ர கை சரி, விழுறது பிழை. அந்தப் பாட்டுகளுக்கு அதை நிப்பாட்டு, இல்லாட்டி கோட்டைத் திருத்து.

வவுனியா அக்கா: லூப் ரோல்ல இன்னொரு சிக்கல் இருக்கு. பைலாவும் நிறையக் குத்துப் பாட்டும் திஸ்ர நடை, ஒரு அடிக்குள்ள மூண்டு. சொப்ட்வெயார்ல பட்டனுக்கு வாற ரோல் அளவு பெரும்பாலும் அடிக் கணக்கில பாதி பாதியாக் குறையும்: 1, 1/2, 1/4, 1/8. மூண்டை ரெண்டாப் பிரிச்சால் நடுவால வெட்டும், ஆடுறவன்ர கால் தடுமாறும். அந்தப் பாட்டுக்கு 1 அடியும் 2 அடியும் மட்டும் பாவி. 1/2 வும் 1/4 உம் நாலு நடைப் பாட்டுக்கு வைச்சுக்கொள்.

ஒட்டுசுட்டான் தம்பி: இது தான் அக்கா! பைலாவில ரோல் அடிக்கேக்க ஏன் பிழைக்குது எண்டு விளங்கவே இல்லை.

மாங்குளம் மாமா: வாங்கிற கதையே கதைக்கிறியள். செய்யலாமே. 16 பட்டன் பெட்டி பெரிய வேலை இல்லை.

ஒட்டுசுட்டான் தம்பி: மாமா, சாமான் லிஸ்ட் போடுங்கோ. சோல்டர் பிடிக்கத் தெரியும்.

மாங்குளம் மாமா: புரோ மைக்ரோ எண்ட, புரோகிராம் ஏத்திற சின்ன சர்க்கிட் போர்ட் 1, ஏடிமெகா32யூ4 சிப் உள்ளது. அந்தச் சிப் தானே யூஎஸ்பி கதைக்கும், லப்டொப் நேரா மிடி சாமானா எடுத்துக்கொள்ளும், டிரைவர் தேவையில்லை. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்ட் வாங்கிப்போடாதை, அதில நேரா மிடி வராது. 24 மில்லிமீற்றர் ஆர்கேட் பட்டன் 16. மெல்லிய வயர் ரெண்டு நிறத்தில. 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் தகடு. பெட்டி ஆழம் 50 மில்லிமீற்றர் வை, பட்டனின்ர காலும் வயர் வளைவும் அதுக்குள்ள அடங்கோணும்.

மாங்குளம் மாமா: புரோ மைக்ரோவில பாவிக்கக் கூடிய கால் (பின்) 18 இருக்கு. 16 பட்டனுக்கு ஆளுக்கு ஒரு கால், மற்றப் பக்கம் எல்லாம் ஒண்டாச் சேத்து கிரவுண்டுக்கு. டயோடு வேண்டாம், ரெசிஸ்டர் வேண்டாம், சிப்புக்குள்ள இருக்கிற புல்அப்பை (காலை மேல் வோல்ட்டுக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டரை) புரோகிராம்ல திறந்தால் காணும். புல்அப் போட்டால் அமத்தாத பட்டன் 1, அமத்தினது 0 எண்டு வாசிக்கும். அதைத் தலைகீழா எழுதினால் பெட்டி செருகின உடனை 16 கியூவும் ஒண்டா அடிக்கும்.

மாங்குளம் மாமா: தகட்டில ஓட்டை நடுவுக்கு நடு 32 மில்லிமீற்றர். அக்ரிலிக்கை சாதாரண ட்ரில் அலகால போட்டால் மறுபக்கம் வெடிக்கும். ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கீழ மரத்துண்டு வைச்சு, ஹோல் சோவால மெல்லச் சுத்து. உருகிப் பிடிச்சால் நிப்பாட்டி ஆற விடு. 6 மில்லிமீற்றர் ப்ளைவுட் போடுறதெண்டால் ஓட்டையில அமத்திப் பிடிக்கிற கிளிப் பட்டன் பிடிக்காது, நட் போட்டுத் திருகிற வகை தான் எடுக்கோணும். இதை முதலே முடிவெடுத்திட்டு பட்டனை வாங்கு.

பரந்தன் அண்ணை: வெளியில வைக்கிற பெட்டிக்கு ப்ளைவுட் நல்லம் மாமா. மாசி, பங்குனி வெயில்ல கறுப்பு அக்ரிலிக் கை வைக்கேலாமல் சுடும்.

மாங்குளம் மாமா: சரி தான். அப்ப திருகிறது.

ஒட்டுசுட்டான் தம்பி: புரோகிராம்ல கவனிக்க வேண்டியது?

மாங்குளம் மாமா: பட்டன் உள்ளுக்குத் தொடேக்க ஒரு தரம் தொட்டு நிக்காது. சில மில்லிசெக்கனுக்குள்ள பல தரம் துள்ளும். அதை மறைக்க நிறையப்பேர் 10 மில்லிசெக்கன் காத்திருந்து திருப்பி வாசிச்சு அனுப்புவினம். பிந்தினதுக்கு அதுவே காரணமாப் போயிடும். முதல் தொடுகையிலயே அனுப்பு. அதுக்குப் பிறகு 5 தொடக்கம் 8 மில்லிசெக்கனுக்கு அந்தப் பட்டனைக் கண்டுகொள்ளாதை. துள்ளலும் போச்சு, பிந்தலும் இல்லை.

மாங்குளம் மாமா: அமத்தேக்க நோட் ஓன், விடேக்க நோட் ஓஃப், ரெண்டும் அனுப்போணும். ஓஃப் அனுப்பாட்டி அமத்திப் பிடிக்கிற லூப் ரோல் நிக்காமல் சுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அனுப்பின பிறகு ஃப்ளஷ் கட்டளை போடு. அதை விட்டால் செய்தி போர்ட்டுக்குள்ளயே கிடக்கும், பட்டன் செத்த மாதிரி இருக்கும். பட்டனுகளுக்கு நோட் இலக்கம் 36 இல தொடங்கி 51 வரை குடு, ஒழுங்கா நிக்கும்.

மாங்குளம் மாமா: புரோ மைக்ரோ ரெண்டு வகை வருகுது, 5 வோல்ட் 16 மெகாஹேர்ட்ஸ், 3.3 வோல்ட் 8 மெகாஹேர்ட்ஸ். புரோகிராம் ஏத்தேக்க வகையை மாறித் தெரிவு செய்து ஏத்தினால் லப்டொப்புக்குப் போர்ட் தெரியாமல் போயிடும். பயப்பிடாதை. ரீசெற் காலையும் கிரவுண்டையும் கெதியா ரெண்டு தரம் தொடு, 8 செக்கனுக்கு பூட்லோடர் (புது புரோகிராமை ஏத்த விடுற பகுதி) எழும்பும், அதுக்குள்ள சரியானதை ஏத்து.

கிளிநொச்சி சித்தப்பா: அந்தப் போர்ட்டில மைக்ரோ யூஎஸ்பி சொக்கட் பலமில்லை. ஆரும் வயரில கால் தடக்கினால் செப்புக் கோட்டோட பேந்துகொண்டு வரும். சொக்கட்டைச் சுத்தி குளூ கன் பசை போடுங்கோ. இல்லாட்டி பெட்டிச் சுவரில பெரிய யூஎஸ்பி பி சொக்கட் ஒண்டைத் திருகி உள்ளுக்கால சின்ன வயர் இழுங்கோ. ரெண்டாவது தான் நிண்டு பிடிக்கும்.

ஒட்டுசுட்டான் தம்பி: லைற்றும் வேணும் மாமா. இருட்டில பட்டன் தெரியோணும்.

மாங்குளம் மாமா: மிஞ்சின ரெண்டு காலில ஒண்டால டபிள்யூஎஸ்2812 லைற் 16 ஓட்டலாம். ஒரு டேட்டா வயர் காணும். ஆனா ஒரு லைற் முழு வெள்ளையில 60 மில்லிஅம்பியர் வரை இழுக்கும். 16 க்கும் 960. லப்டொப் யூஎஸ்பி 2 தாறது 500. வெளிச்சத்தைக் கால்வாசிக்கு மேல விடாதை. விட்டால் லைற் மங்கும், போர்ட் ரீசெற் ஆகும், பாட்டு நடுவில பெட்டி காணாமல் போகும்.

வவுனியா அக்கா: சொப்ட்வெயார் பக்கம்: மிக்ஸ் எண்டு இலவசமா ஒண்டு இருக்கு, ஆங்கிலத்தில கடைசியில மூண்டு எக்ஸ் போட்டு எழுதிறது. செற்றிங்ஸ்ல கொன்ட்ரோலர் பகுதிக்குப் போய் பெட்டியை இயக்கிவிட்டு, லேர்னிங் விசார்டைத் திற. திரையில ஹொட் கியூவை ஒருக்கா கிளிக் பண்ணு, பட்டனை அமத்து, அடுத்ததுக்குப் போ. 16 பட்டனும் பத்து நிமிசம். அந்த வழியால லைற்றுக்கு மப்பிங் (சொப்ட்வெயாரோட இணைப்பு) வராது, பட்டன் போறது மட்டும் தான் பதியும். லைற்றை போர்ட்டே தன்ர பாட்டில எரிக்கிற மாதிரி மாமாவை எழுதச் சொல்லு. வேற சொப்ட்வெயார் எண்டால் வாங்க முதல், உன்ர பதிப்பில வெளிக் கொன்ட்ரோலரை மப் பண்ண விடுதோ எண்டு பார். இலவசப் பதிப்பில நிறைய இடத்தில அதைப் பூட்டி வைச்சிருக்கினம்.

பரந்தன் அண்ணை: பட்டன் அடுக்கு: மேல் ரெண்டு வரி இடது டெக் (இடப் பக்கம் ஓடுற பாட்டு), கீழ் ரெண்டு வரி வலது டெக். ஒவ்வொண்டிலயும் முதல் வரி கியூ 1 தொடக்கம் 4, ரெண்டாவது வரி கியூ 5, 6, பிறகு ரோல் 1 அடி, ரோல் 1/2. நீ எட்டுக் கியூ கேட்டாய், ஆறு காணும். ஷிஃப்ட் பட்டன் (அமத்திப் பிடிச்சால் மற்றப் பட்டனுக்கு ரெண்டாவது வேலை குடுக்கிறது) வைக்கிற ஆசை வரும், வைக்காதை. ஒரு கையால ஷிஃப்ட் பிடிச்சால் கியூ அடிக்க ஒரு கை தான் மிச்சம். கியூவை அழிக்கிற வேலையை இந்தப் பெட்டிக்குக் குடுக்கவே குடுக்காதை, மேடையில கை தவறினால் ஆயத்தம் எல்லாம் போச்சு.

வவுனியா அக்கா: அண்ணை சொன்னதில ஒரு மாற்றம். பைலா கூடப் போடுற ஆள் எண்டால் 1/2 க்குப் பதிலா 2 அடி ரோல் வை.

பரந்தன் அண்ணை: ஓம், அது சரி.

ஒட்டுசுட்டான் தம்பி: பட்டன் அமத்தி கொஞ்சம் பிந்திச் சத்தம் வந்தால் பெட்டியிலயோ பிழை?

வவுனியா அக்கா: பெரும்பாலும் இல்லை. சவுண்ட் பஃபர், லப்டொப் சத்தத்தைச் சேத்து வைச்சு விடுற அளவு. செக்கனுக்கு 44,100 சாம்பிள் (இங்க ஒலியின்ர ஒரு புள்ளி) ஓடேக்க, பஃபர் 512 சாம்பிள் எண்டால் 11.6 மில்லிசெக்கன், 256 எண்டால் 5.8. 2048 இல கிடந்தால் 46, அதைக் கை உணரும். விண்டோஸ்ல கொன்ட்ரோலரின்ர ஆசியோ டிரைவரை (சத்தத்தைப் பிந்தாமல் விடுறது) தெரிவு செய்து 256 க்கு இறக்கு. வெடிச்சு வெடிச்சுக் கேட்டால் 512 க்கு ஏத்து.

கிளிநொச்சி சித்தப்பா: விண்டோஸ் பவர் செற்றிங்ஸ்ல யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட் எண்டதை நிப்பாட்டுங்கோ. பட்டன் தொடாமல் விட்டால் அது சிலவேளை பெட்டியை உறங்கப் பண்ணும். தனி அடப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில இந்தப் பெட்டியைக் குத்தவேண்டாம். கரண்ட் போய் ஜெனரேற்றர் எடுக்கிற இடைவெளியில லப்டொப் பற்றரியில ஓடும், ஹப் செத்து எழும்பும். சில சொப்ட்வெயார் மூடித் திறக்கிற மட்டும் பெட்டியைத் திருப்பிக் கண்டுபிடிக்காது. நேரா லப்டொப்பில.

ஒட்டுசுட்டான் தம்பி: புழுதிக்கு என்ன செய்யிறது? செம்மண் எல்லாம் பட்டனுக்குள்ள இறங்குமே.

மாங்குளம் மாமா: பட்டன் கழட்டலாம். நல்ல பட்டன் எண்டால் மேல் மூடி, ஸ்பிரிங், உள் சுவிச் மூண்டும் தனித்தனியா வரும். காஞ்ச பிரஷ்ஷால தட்டு, எண்ணெய் போடாதை, எண்ணெய் புழுதியைப் பிடிச்சு வைக்கும். இதுக்காகவே வயரைப் பட்டன் காலில சோல்டர் பண்ணாமல் கிளிப் போடு. சன்வா எண்ட கொம்பனி வகைக்கு 2.8 மில்லிமீற்றர் கிளிப், மைக்ரோசுவிச் தொங்குற மலிவு வகைக்கு 4.8. மாறி வாங்கினால் ஒண்டு ஏறாது, மற்றது கழரும். ரெண்டு பட்டன் மேலதிகமா எடுத்து வை, 18.

ஒட்டுசுட்டான் தம்பி: அப்ப முதல் ஒரு கிழமை கீபோர்ட்டில அடிச்சுப் பாக்கிறன். சரிவந்தால் மாமா, ப்ளைவுட்டும் திருகிற பட்டனும்.

மாங்குளம் மாமா: பட்டன் கையில வந்த பிறகு தான் ஓட்டை போடு தம்பி. 24 எண்டு எழுதிக் கிடக்கும், கழுத்து ஒரு அரை மில்லிமீற்றர் கூடிக் குறைஞ்சு இருக்கும். ஒரு கழிவுப் பலகையில ஒரு ஓட்டை போட்டுத் திருகிப் பாத்திட்டு பெட்டிக்குரிய பதினாறையும் போடு.