அம்மாவுக்கு முதுகெலும்பு ஆபரேஷன்: யாங்கோனா, சென்னையா?

உறவுகளுக்கு வணக்கம். நாங்கள் மியான்மரில் மோல்மேன் பக்கம். அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. ஒரு வருடமாக இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார வேண்டும். இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்4-எல்5 என்கிற இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் நரம்புப் பாதை சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்வது நல்லது என்கிறார் டாக்டர். யாங்கோனிலேயே செய்வதா, சென்னைக்குக் கூட்டிப்போவதா?

டாக்டர் கைராசி மட்டும் எனக்குப் போதாது, பிறகு கவனிப்பும் நன்றாக இருக்க வேண்டும். மாமாவுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி கழிவறைக்குத் தனியாக எழுந்து போய் விழுந்துவிட்டார். கூப்பிடும் மணி கைக்கு எட்டவில்லை. மறுபடி ஆபரேஷன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஆபரேஷன் பாதுகாப்புக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் என மூன்று கட்டமாக நோயாளியின் பெயர், ஆபரேஷன், அலர்ஜி, பஞ்சு எண்ணிக்கை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீங்கள் போன ஆஸ்பத்திரியில் இதைச் செய்தார்களா? எந்த எலும்பு என்று தியேட்டரிலேயே எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்களா? ராத்திரியில் நர்ஸ் கூப்பிட்டால் வருவார்களா? எத்தனையாம் நாள் நடக்க வைத்தார்கள்?

அப்புறம், சென்னை போனவர்கள் ஊர் திரும்பியபின் புண்ணை யாரிடம் காட்டினீர்கள்?

சிறுநீர் அடைத்தாலோ கால் பலம் குறைந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.