செங்குன்றம் பக்கம் தூசி: டக்டபிள் ஏசிக்கு டக்ட் கிளீனிங் செய்தால் தீருமா?

செங்குன்றம்_மாடிவீடு:

வணக்கம். பாடியநல்லூர் தாண்டி தனி வீடு. பின்பக்கம் நெல் வயல், காற்று வரும் திசையில் அரிசி ஆலைகள். தரைத்தளத்தில் ஹாலுக்கும் மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே 5.5 டன் டக்டபிள் மெஷின் (டக்ட் என்னும் தகடு குழாய் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று அனுப்பும் ஏசி). ஜிஐ தகடு டக்ட், வெளியே குளிர் கசியாமல் இருக்கக் கருப்பு நைட்ரைல் ரப்பர், கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். சப்ளைக்கு, அதாவது குளிர்காற்று வெளிவர, எட்டு டிஃப்யூசர்; அறைக்காற்று மெஷினுக்குத் திரும்ப ஹாலில் 2 அடிக்கு 2 அடி ரிட்டர்ன் கிரில் ஒன்று. போட்டு ஐந்து வருஷம் ஆகிறது, டக்டை இதுவரை யாரும் திறந்ததில்லை.

டிஃப்யூசரைச் சுற்றி சீலிங்கில் சாம்பல் நிறக் கறை. காலையில் ஆன் செய்ததும் முதல் பத்து நிமிஷம் ஈரத்துணி வாடை. அறுவடை சமயத்தில் துடைத்த மேஜை மறுநாளே மாவு பூசினது மாதிரி ஆகிவிடுகிறது. டக்ட் கிளீனிங் செய்து, வாசனை மருந்துப் புகையும் அடித்து, அரை நாளில் முடித்துத் தருவதாக ஒருவர் 22,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா? செய்தால் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

டக்ட்_மேஸ்திரி:

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி தூசி எங்கேயிருந்து வருதுன்னு பார்த்திடுங்க சார். அதுக்குச் செலவே கிடையாது.

சீலிங்ல இருக்கிற கறையை மட்டும் வச்சு டக்ட் அழுக்குன்னு முடிவு பண்ணாதீங்க. டிஃப்யூசர்ல இருந்து வேகமா வர்ற காத்து பக்கத்துல இருக்கிற அறைக் காத்தையும் இழுத்துக்கிட்டு சீலிங்கை உரசிப் போகும். அறையில மிதக்கிற தூசிதான் அங்க படியுது. புது டக்ட் போட்ட வீட்டிலயும் இந்த வளையம் வரும். டக்டுக்குள்ள இருந்து வருதான்னு தெரியணும்னா, மெஷினை நிறுத்திட்டு ரெண்டு டிஃப்யூசரோட வாய்க்கு மெல்லிசான வெள்ளைத் துணி கட்டுங்க. ஒரு நாள் ஓட்டினப்புறம் அவிழ்த்துப் பாருங்க. துணியோட உள்பக்கம் தூள் தட்டுப்பட்டா சப்ளை டக்டோ மெஷினோ அனுப்புது. சுத்தமா இருந்தா அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. எட்டையும் ஒரே நேரத்துல கட்டிடாதீங்க, காத்து குறைஞ்சு, அதைக் குளிர வைக்கிற காயில்ல ஐஸ் கட்டிடும்.

அடுத்தது ரிட்டர்ன். கிரில்லைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. தகடு பெட்டி ஒண்ணு மெஷின் வரைக்கும் போனா நல்லது. மேல கான்கிரீட் தளமும் தொங்கு கம்பியும் ஒயரும் தெரிஞ்சா, உங்க மெஷின் ஃபால்ஸ் சீலிங் இடைவெளியில இருந்தே காத்தை உறிஞ்சுதுன்னு அர்த்தம். செலவைக் குறைக்க நம்ம ஊர்ல நிறைய வீட்டுல இப்படித்தான் விட்டுடறாங்க. அந்த இடைவெளி முழுக்க உறிஞ்சல் இருக்கும். சுவர்ல இருந்து வர்ற ஒயர் பைப், மூடாத பழைய ஓட்டை, திரைச்சீலைப் பெட்டியோட மேல் சந்து ஒவ்வொண்ணும் வெளிக்காத்தையும் உமித்தூளையும் உள்ள இழுக்கும். ஊதுபத்தி ஒண்ணைக் கொளுத்தி சீலிங் லைட் ஓரத்துல பிடிச்சுப் பாருங்க. மெஷின் ஓடும்போது புகை மேல இழுபட்டா சந்தேகமே வேண்டாம்.

அப்படி இருந்தா, டக்டை எவ்வளவு நல்லா சுத்தம் பண்ணினாலும் அடுத்த அறுவடைக்குப் பழையபடி ஆகிடும்.

ஈரத்துணி வாடை பெரும்பாலும் காயில்லயும் அதுல வடியற தண்ணி சேர்ற டிரெய்ன் தட்டுலயும் இருந்து வரும். தட்டுல தண்ணி தேங்குதா, டிரெய்ன் பைப்ல தண்ணி நிக்கிற யு வளைவு போட்டிருக்கா, பைப் வெளிய போற திசையில சரிவா இருக்கான்னு பாருங்க. வளைவு இல்லேன்னா மெஷினோட உறிஞ்சல் அந்தப் பைப் வழியாவே காத்தை இழுக்கும், தண்ணியும் இறங்காது.

காற்றுக்கணக்கு:

மேஸ்திரி சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். ஒரு டன்னுக்குச் சுமார் 400 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 400 கன அடி) காற்று வேண்டும். 5.5 டன்னுக்கு 2,200. உங்கள் ரிட்டர்ன் கிரில் 4 சதுர அடி. 2,200-ஐ 4-ஆல் வகுத்தால் காற்று நிமிஷத்துக்கு 550 அடி வேகத்தில் அதிலுள்ள ஃபில்டரில் மோதுகிறது. கிரில் சட்டத்தையும் கம்பிகளையும் கழித்தால் வேகம் இன்னும் கூடும். வீட்டு ஃபில்டருக்கு 300 முதல் 400 அடிதான் நல்லது. வேகம் கூடினால் தூள் வலையைத் துளைத்துப் போகும், சத்தம் வரும், ஃபில்டர் வளைந்து ஓரச்சந்து திறக்கும். இன்னும் 2 சதுர அடி ரிட்டர்ன் சேர்த்தால் 367 அடிக்கு இறங்கிவிடும்.

தூசிக்குப் பயந்து சிலர் மெர்வ் 13 ஃபில்டரை (மெர்வ் எண் கூடக் கூட இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும்) வாங்கிச் செருகிவிடுகிறார்கள். டக்டபிள் மெஷினின் ஊதியால் (ப்ளோயர்) எவ்வளவு எதிரழுத்தத்தைத் தாங்க முடியும் என்பது அதன் விவரத்தாளில் பாஸ்கலில் இருக்கும். டக்ட், டிஃப்யூசர், ஃபில்டர் மூன்றும் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவழிக்கின்றன. அதை மீறினால் காற்று குறையும், காயில் உறையும். பரப்பு 6 சதுர அடி ஆன பிறகு, 50 மிமீ கனமுள்ள ஜி4 தரம் அல்லது மெர்வ் 8 மடிப்பு ஃபில்டரை, அதன் தொடக்க அழுத்த இழப்பைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். உமித்துகளுக்கும் வயல் புழுதிக்கும் அது போதும்.

சுத்தம் செய்வதால் உடம்புக்கு நன்மை என்று விளம்பரத்தில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். டக்டைச் சுத்தம் செய்வது நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லியிருக்கிறது. உள்ளே பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால், எலியோ பூச்சியோ குடியிருந்தால், தூசி அடைத்துக்கொண்டு டிஃப்யூசர் வழியாக அறைக்குள் விழுந்தால் செய்யலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. வருஷம் தவறாமல் செய்யும் வேலை இல்லை இது.

செங்குன்றம்_மாடிவீடு:

இரண்டு பேருக்கும் நன்றி. கிரில்லைக் கழட்டினேன். மேஸ்திரி அண்ணன் சொன்னதேதான், தளமும் தொங்கு கம்பியும் தெரிகின்றன, தகடு பெட்டி இல்லை. ஜிப்சம் பலகை மேல் விரல் அழுந்தும் அளவுக்குச் சாம்பல் நிறத் தூள். ஊதுபத்திப் புகை மூன்று லைட்டில் மேலே இழுபட்டது. ஒரு நாள் கட்டிய வெள்ளைத் துணியில், மெஷினுக்குப் பக்கத்து டிஃப்யூசரில் தூள் நிறைய; கடைசி அறையில் லேசாகத்தான். அப்படியானால் டக்ட் கிளீனிங்கே வேண்டாமா?

டக்ட்_மேஸ்திரி:

வேணும். ஆனா வரிசை முக்கியம். முதல்ல சீலிங் மேல இருக்கிற தூளை வாக்யூம்ல எடுத்துட்டு, ரிட்டர்னைத் தகடு பெட்டியா கட்டுங்க. 24 அங்குலத்துக்கு 14 அங்குலம் இருந்தா 2,200 சிஎஃப்எம்முக்குச் சரியா வரும். மூட்டுக்கெல்லாம் சீலன்ட் தடவி, மேல அலுமினியம் ஃபாயில் டேப். துணி டேப் வேண்டாம், நம்ம வெக்கைக்கு ஒரு வருஷத்துல உரிஞ்சிடும். சுவர்ல இருக்கிற பெரிய ஓட்டைக்கு சிமென்ட் கலவை, ஒயர் பைப் வாய்க்கு சிலிகான்.

அப்புறம் சுத்தம். காத்து போற வழியிலேயே போகணும்: ரிட்டர்ன், மெஷின், கடைசியா சப்ளை டக்ட். மாத்திச் செஞ்சா மெஷின்ல கிளம்பற தூள் சுத்தம் பண்ணின டக்டுக்குள்ள போய் உக்காரும்.

மெஷின் வேலைதான் நுணுக்கம். மெஷினுக்குக் கரண்ட் தர்ற எம்சிபி சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, காயிலை முதல்ல காய்ஞ்ச நிலையிலேயே மெல்லிசு பிரஷ் வச்ச வாக்யூம்ல இழுக்கணும், பிரஷ் காயிலோட மெல்லிசு தகடுகளான ஃபின் போற வாக்குல மேலயும் கீழயும் போகணும். எடுத்த உடனே தண்ணி அடிச்சா உமிச்சாம்பல் சேறா மாறி உள் வரிசைக்குப் போய் இறுகிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. தூளை எடுத்தப்புறம் காத்து வெளிய போற பக்கத்துல இருந்து, நுழையற பக்கம் பார்த்து, குறைஞ்ச அழுத்தத்துல தண்ணி விடணும். கார் கழுவற ஜெட்டைக் கிட்ட வச்சு அடிச்சா ஃபின் படுத்துடும். காரம் அதிகமான கெமிக்கல் அலுமினியத்தை அரிக்கும். அமிலமும் காரமும் இல்லாத, நல்லா அலசிப் போற காயில் கிளீனர்தான் போடணும். ஊதிச் சக்கரத்தோட ஒவ்வொரு இதழும் குழிவா இருக்கும். அந்தக் குழியில தூள் நிரம்பினா மோட்டார் நல்லா ஓடினாலும் காத்து வராது. சக்கரத்தை வெளிய எடுத்துத்தான் கழுவணும். "மேலாகத் துடைத்தோம்"ங்கிற கதை இதுல செல்லாது.

சப்ளை டக்டுக்கு: டிஃப்யூசர் எட்டுக்கும் டேப் ஒட்டி எண் போட்டுக் கழட்டணும். காத்து அளவைப் பிரிக்கிற டாம்பர் கைப்பிடி எந்த நிலையில இருக்குன்னு மார்க்கர்ல கோடு போட்டுக்கணும், இல்லேன்னா கடைசியில ஒரு அறை குளிரும், ஒரு அறை வேகும். மெஷினுக்கும் டக்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக் வச்சு அடைச்சிட்டு, மெஷின் பக்கத்து டக்ட் முனையில வாக்யூம் குழாயை மாட்டணும். வேலை நடக்கிற வாயைத் தவிர மத்த வாயை மூடணும். கடைசி அறையில இருந்து வாக்யூமைப் பார்த்து நைலான் சுழல் பிரஷ்ஷை ஓட்டிக்கிட்டு வரணும். உறிஞ்சல் இல்லாம பிரஷ் மட்டும் விட்டா தூள் வீட்டுக்குள்ளதான் கொட்டும். வாக்யூம் விடுற காத்து நுண்தூசியையும் பிடிக்கிற ஹெபா ஃபில்டர் வழியா போகணும், இல்லேன்னா வாக்யூம் மெஷினையே வெளித் திண்ணையில வைக்கச் சொல்லுங்க. டிஃப்யூசருக்கு மேல ஃப்ளெக்சிபிள் குழாய் இருந்தா அதுல சுழல் பிரஷ் விடக்கூடாது, உள் தாள் கிழிஞ்சிடும். அழுக்கா இருந்தா புதுசு மாத்திடுங்க.

தகட்டுல வேலை ஓட்டை வெட்டினா, மூடுற விதத்தை நின்னு பாருங்க. ஓட்டையை விட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிய ஜிஐ தகடு, கேஸ்கெட், ஸ்க்ரூ, ஓரத்துல சீலன்ட். அதுக்கு மேல வெட்டின நைட்ரைல் ரப்பரைப் பசை போட்டு ஒட்டணும். ரப்பரை விட்டுட்டாங்கன்னா நம்ம ஈரக்காத்துக்கு அந்த இடம் வேர்த்து ஜிப்சத்துல பழுப்புக் கறை வரும், மழை ஒழுகுதுன்னு மொட்டை மாடியைச் சந்தேகப்படுவீங்க.

ரெண்டு ஆள் இருந்தாலும் இது முழு நாள் வேலை. அரை நாள்னு சொன்னாரே, சக்கரத்தைக் கழட்டறது அதுல சேர்த்தியான்னு கேளுங்க.

வாசனைப் புகைக்குப் பணம் வேண்டாம். அழுக்கு மேல அடிச்ச மருந்து அடியில இருக்கிறதைத் தொடாது. அழுக்கு போயிட்டா மருந்துக்கு வேலையும் இல்லை.

மீஞ்சூர்_மெக்கானிக்:

தம்பி, எப்போ செய்யறதுன்னு யாரும் சொல்லலை. நம்ம திருவள்ளூர்ப் பக்கம் சம்பா அறுப்பு தை, மாசியில முடியும். நவரை சித்திரை, வைகாசி. சொர்ணவாரி ஆவணி, புரட்டாசி. சம்பா முடிஞ்சு வெயில் ஏறுறதுக்குள்ள, பங்குனி வாக்குல வேலையை வச்சுக்கோங்க. அறுவடை மெஷின் வயல்ல நிற்கும்போது செஞ்சா, திறந்து வச்ச டக்டுக்குள்ள அன்னிக்கே புழுதி ஏறும்.

உமிச்சாம்பலைச் சாதாரணத் தூசியா நினைக்காதீங்க. அதுல பெரும்பங்கு சிலிக்கா. ஆலைக் கொதிகலன்ல அதிக சூட்டுல எரிஞ்சது நுரையீரலுக்கு ஆகாது. சீலிங் மேல இருக்கிறதைத் துடைப்பத்தால தள்ளவே கூடாது. வாக்யூம், என்95 மாஸ்க், அன்னிக்குக் குழந்தைகளும் ஆஸ்துமா இருக்கிறவங்களும் வேற வீட்டுல இருக்கட்டும். எங்க அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிச் சாம்பலோட உப்புக்காத்தும் சேருது, அதனால வெளி யூனிட் ஃபின்னை நல்ல தண்ணியில அடிக்கடி அலசணும். செங்குன்றத்துக்கு உப்பு அவ்வளவு எட்டாது, ஆனா போர் தண்ணி உப்பா இருந்தா காயில் கழுவ அதை எடுக்காதீங்க.

அறுப்பு நடக்கிற மாசத்துல ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழட்டணும். நைலான் வலைன்னா தூள் படிஞ்ச முகத்துக்குப் பின்பக்கத்துல இருந்து தண்ணி விடுங்க, நிழல்ல காய வைங்க. மடிப்பு ஃபில்டரைத் தண்ணியில போடாதீங்க, மாத்தத்தான் வேணும். வலையை ரெண்டு செட் வச்சுக்கிட்டா, ஒண்ணு காயற நேரத்துல ஃபில்டர் இல்லாம மெஷினை ஓட்ட வேண்டி வராது. "ஃபில்டரைக் கழட்டினா கூலிங் சூப்பரா வருது"ன்னு ஓட்டறவங்க காயில்தான் ரெண்டு மாசத்துல சேறா நிக்கும்.

செங்குன்றம்_மாடிவீடு:

ரிட்டர்ன் பெட்டியும், ஹாலில் 2 அடிக்கு 1 அடி இன்னொரு கிரில்லும் முடிவு செய்துவிட்டேன். வேலை முடிந்ததும் சரியாகச் செய்தார்களா என்று எப்படிப் பார்ப்பது?

காற்றுக்கணக்கு:

செய்வதற்கு முன்பும் பின்பும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள்: காயிலின் இரு பக்கம், ஊதிச் சக்கரம், டிரெய்ன் தட்டு, டக்டின் முதல் கிளையும் கடைசிக் கிளையும். டக்ட் சுத்தம் செய்வோருக்கான அமெரிக்கச் சங்கமான நாட்கா, 100 சதுர செமீ பரப்பில் 0.75 மில்லிகிராமுக்கு மேல் தூள் இருக்கக் கூடாது என்று அளவு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. தகட்டை வெள்ளைத் துணியால் ஒரு முறை இழுத்து, பிறகு சுத்தமான வாக்யூம் வைத்து அதே இடத்தை உறிஞ்சிப் பாருங்கள். தகட்டின் நிறம் மாறினால் வேலை பாக்கி இருக்கிறது.

மெஷினை அரை மணி ஓட்டிவிட்டு, ரிட்டர்ன் கிரில்லிலும் பக்கத்து டிஃப்யூசரிலும் தெர்மாமீட்டர் வையுங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் காற்று இன்னும் குறைவு. டாம்பர் மூடியிருக்கிறதா, மெஷின் வாயில் வைத்த பிளாஸ்டிக்கை எடுத்தார்களா என்று முதலில் பாருங்கள்.

டக்ட்_மேஸ்திரி:

ஃபில்டர் சட்டத்தைச் சுத்தி 6 மிமீ ஃபோம் டேப் ஒட்டச் சொல்லுங்க சார். ஓரத்துல விரல் நுழையற சந்து இருந்தா காத்து ஃபில்டரை விட்டுட்டு அந்த வழியா போயிடும். ரெண்டு வாரம் கழிச்சு ஃபில்டரைக் கழட்டி அதுக்குப் பின்னாடி தகட்டைத் தடவிப் பாருங்க. கோடு மாதிரித் தூள் படிஞ்சிருந்தா, அந்தக் கோட்டுக்கு நேரா இருக்கிற சந்தைத்தான் அடைக்கணும்.