தண்டுக்கும் துளைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர்

காட்பாடித் தச்சன்:
கொல்லுப்பட்டறையில் அடித்த ஹோல்டுஃபாஸ்ட் (தண்டை வேலைமேசைத் துளையில் செருகி, வளைந்த கழுத்தின் நுனியிலுள்ள பாதத்தால் பலகையை அழுத்தும் இரும்புப் பிடி) எல்லாம் பழம்பெருமை என்றும், மேசைத் துளையை இறுக்கமாகப் போட்டால் வார்ப்பிரும்புப் பிடியே போதும் என்றும் குடியாத்தத்து நண்பர் எழுதியதைப் படித்த பிறகு என்னால் வாளாவிருக்க முடியவில்லை. என் மேசையில் துளை 19 மி.மீ., தண்டு 17 மி.மீ. அந்த 2 மி.மீ. இடைவெளிதான் பிடியின் உயிர். தலையில் ஓர் அடி விழுந்ததும் பலகை பாதத்தை மேலே தள்ள, தண்டு துளைக்குள் சாய்ந்து, மேல் விளிம்பில் முதுகுப்புறமும் கீழ் விளிம்பில் பாதத்தின் பக்கமும் கவ்விக்கொள்கிறது. இறுக்கமான துளையில் தண்டு எங்கே சாயும்?

குடியாத்தம் மேசைக்காரர்:
ஐயா, இறுக்கம் என்று நான் சொன்னது கையால் தள்ளினால் இறங்கும் அளவைத்தான். அது எந்த அளவு என்று கேட்காமலேயே கோபப்பட்டுவிட்டீர்கள். என் மேசையில் இடைவெளி அரை மி.மீ. மட்டுமே, மூன்று ஆண்டுகளாகப் பிடி நழுவியதில்லை. உங்கள் துளை அடிபட்டு அகன்றுபோயிருக்கிறது, அந்தத் தேய்மானத்தை எங்களுக்கு இலக்கணமாகச் சொல்லாதீர்கள்.

காட்பாடித் தச்சன்:
தேய்மானம் இல்லை, துளையிட்ட அன்றே அளந்தது 19. வேங்கைப் பலகை அவ்வளவு எளிதில் தேயாது. வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையது, வளையாது. எனக்கு ஒருவர் விற்ற வார்ப்புப் பிடி இரண்டாம் மாதமே கழுத்தில் முறிந்து, இழைத்து முடித்த தேக்குக் கதவின்மேல் விழுந்த தழும்பை இன்னும் நான் மறக்கவில்லை. அடித்து வளைத்த மெல்லிரும்பு வில்லைப் போல விரிந்து கொடுக்கும், ஆனால் அதற்கும் 2 மி.மீ. வேண்டும்.

வாணியம்பாடி உலைக்களம்:
ஹோல்டுஃபாஸ்ட் வேண்டும் என்று வந்தவருக்குக் கதவு நிலையைச் சுவரோடு பிணைக்கும் பட்டையை அடித்துக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கியவன் நான், ஆகவே முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இடைவெளியை விட முக்கியம், பாதத்தின் நுனி முதலில் பலகையைத் தொடும்படி கழுத்தை வளைப்பது. வளைத்த பின் தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிட வேண்டும். வழவழப்பான தண்டு வழுக்கினால் உப்புத்தாளைக் குறுக்குவாக்கில் தேய்த்தாலே போதும்.

காட்பாடித் தச்சன்:
உப்புத்தாள் தேய்த்துத்தான் நிற்கிறது என்றால் துளை தவறு என்று பொருள். என் பிடிக்கு நான் ஒருநாளும் தேய்த்ததில்லை.

ஆம்பூர் வாசகன்:
மேசையின் கனத்தை ஒருவரும் கேட்கவில்லையே. மேசைப் பலகை தடிக்கத் தடிக்கச் சாய்ந்த தண்டின் பக்க அழுத்தம் குறையும். அதனால்தான் தடித்த மேசையில் துளையின் அடிப்புறத்தை அகலமாகக் குடைவார்கள். எங்கள் ஊரில் மலிந்து கிடக்கும் தோல் வெட்டுத்துண்டு ஒன்றைப் பாதத்தின் அடியில் வைத்தால் தேக்கிலும் தழும்பு விழாது.

குடியாத்தம் மேசைக்காரர்:
தோல் எண்ணெய் கக்கும், ஐயா. ஒட்டுப்பலகைத் துண்டே போதும். என் தாத்தா தரையில் அமர்ந்து பாதத்தால் பலகையை அழுத்திக்கொண்டு இழைத்தவர், அவருக்குத் தோலும் தேவைப்படவில்லை, பிடியும் தேவைப்படவில்லை.

ஆம்பூர் வாசகன்:
எல்லாத் தோலும் எண்ணெய் கக்காது. பதனிட்ட தோலைத் தொட்டுப் பார்க்காமல் பேசுவது எங்கள் ஊர்த் தொழிலுக்கு இழுக்கு.

காட்பாடித் தச்சன்:
தோலைப் பற்றி வேறிடத்தில் பேசிக்கொள்ளுங்கள். தாத்தா காலால் பிடித்தது உண்மைதான், என் தந்தையும் அப்படியே இழைத்தார், முழங்கால் தேய்ந்த பிறகுதான் எனக்கு நின்று வேலை செய்யும் மேசை செய்து கொடுத்தார். அந்த மேசையின் கனம் 80 மி.மீ., அதில் 19க்கு 17. விடுவிக்க முதுகில் கொட்டாப்புளியால் ஒரு தட்டு, உடனே தளர்ந்துவிடும். அரை மி.மீ.யில் அது நடக்காது.

குடியாத்தம் மேசைக்காரர்:
என் மேசையில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.

காட்பாடித் தச்சன்:
வருகிறேன், அளவுகோலையும் கொண்டு வருகிறேன். உங்கள் துளையும் தண்டைவிட 2 மி.மீ. அகன்றிருக்கும்.