எந்த கோல்ஃப் பந்து வாங்குவது? பெங்களூரில் ஆடுறவங்க சொல்லுங்க

அல்சூர் சேகர்:
ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவா இருந்தா நல்லா ஆடுறவர்) 22. ரவுண்டுக்கு மூணு நாலு பந்து தொலையுது. "உங்க ஸ்விங் மெதுவா இருக்கு, சாஃப்ட் பந்துதான் தூரம் போகும்"னு கடைக்காரர் சொல்றார். சரிதானா?

டொம்ளூர் முரளி:
சேகர் சார், அது பழைய நம்பிக்கை. டிரைவரும் (தூரம் அடிக்கும் நீளமான கிளப், அதாவது மட்டை) பந்தும் ஒட்டியிருப்பது சுமார் அரை மில்லிசெகண்ட். அதற்குள் யார் அடித்தாலும் பந்து நசுங்கத்தான் செய்யும். கம்ப்ரஷன் குறைந்த, அதாவது எளிதில் நசுங்கும் சாஃப்ட் பந்து, மெதுவாக அடித்தாலும் கொஞ்சம் வேகம் குறைந்துதான் கிளம்பும். சாஃப்ட் என்பது கைக்கும் காதுக்கும். பிடித்திருந்தால் வாங்குங்க, தூரத்துக்காக வேண்டாம்.

பார்க்க வேண்டியது மேலுறை. சூப்பர்சாஃப்ட் மாதிரி டூ-பீஸ் பந்துகளில் ரப்பர் கருவுக்கு மேல் அயனோமர் என்ற பிளாஸ்டிக். புரோ வி1, இசட்-ஸ்டார் வகைகளில் யூரித்தேன். டிரைவரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கிரீன் (குழி இருக்கும் புல்தரை) பக்கத்தில்தான் சாயம் வெளுக்கும். 30 யார்டு பிட்ச்சில் (தூக்கிப் போடும் சிறு அடி) அயனோமர் பந்து வெட்ஜ் (நன்றாகச் சாய்ந்த முகமுள்ள கிளப்) முகத்தில் வழுக்கி உயரமாகக் கிளம்பும், விழுந்த பிறகு ஓடும். யூரித்தேன் தாழ்வாகக் கிளம்பி, இரண்டு குதியில் பிரேக் போடும்.

அதனால் சோதனையை கிரீனிலிருந்து பின்னோக்கிச் செய்யுங்க. இரண்டு மாடலில் மும்மூன்று பந்து. முதலில் 30 யார்டு, பிறகு 100, பிறகு 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்), டிரைவர் கடைசி. வெட்ஜ் பள்ளங்களில் மண் இருந்தால் யூரித்தேனும் வழுக்கும், ஒவ்வொரு அடிக்கும் துடைக்கணும். ரேஞ்ச் பந்தை (பயிற்சி மைதானத்தில் தரும் பந்து) வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க. அது உழைக்கச் செய்த பந்து, பாதி தேய்ந்தும் இருக்கும்.

ஜெயநகர் லட்சுமி:
முரளி அண்ணா சொல்றது சரி, ஆனா ரவுண்டுக்கு நாலு தொலைகிறவருக்கு யூரித்தேன் எதுக்கு? விலை ஏறக்குறைய இரட்டிப்பு. கேஜிஏ (கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்) மைதானத்தில் தண்ணீருக்கு மேலே அடிக்கும்போது புதுப் பந்தை நினைச்சு கை இறுகும், அங்கேயே ஸ்விங் போச்சு. தொலைவது ஒண்ணு ரெண்டா குறையுற வரைக்கும் டூ-பீஸ் போதும். ஸ்பின் கம்மி என்பதால் ஸ்லைஸ் (பக்கவாட்டில் வளைஞ்சு போற அடி) கொஞ்சம் குறைவாக வளையும். ஆனா அது மருந்தில்லை, திறந்து கிடக்கிற கிளப் முகம் திறந்தேதான் கிடக்கும்.

எந்த மாடலானாலும் ஒண்ணையே வெச்சுக்கோங்க. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னா சிப் (கிரீன் ஓரத்தில் இருந்து அடிக்கிற சின்ன அடி) எவ்வளவு ஓடும்னு கைக்குப் பழகவே பழகாது.

இன்னொண்ணு, சென்னையிலிருந்து வர்றவங்க இங்கே தூரம் கூடினதைப் பந்தோட பெருமைன்னு நினைச்சுக்கறாங்க. இந்த ஊர் 900 மீட்டருக்கு மேலே, காற்று லேசு. சென்னையில் 150 யார்டு போகிற அடி இங்கே 154, 155 போகும்.

இந்திராநகர் வாத்தியார்:
லேக் பால் (தண்ணியில விழுந்ததை எடுத்து விற்கிற பழைய பந்து) வாங்கறவங்களுக்கு. "ரீஃபினிஷ்ட்"னு அச்சடிச்சிருந்தா தொடாதீங்க. மேலே புதுசா பெயின்ட் ஏத்தியிருப்பாங்க, டிம்பிளோட (பந்து மேல இருக்கிற சின்னக் குழி) ஆழம் மாறினா பறக்கிற விதமும் மாறும். வெறுமனே கழுவி விற்கிறதுல, பிராண்ட் எழுத்து கூர்மையா இருக்கா, விரல் நகத்தை ஓட்டினா சிராய்ப்பு தட்டுதான்னு பாருங்க.

எடை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கான்னு உப்புத் தண்ணியில பார்க்கலாம். பந்து 45.93 கிராமுக்கு மேல போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த அளவுல இருக்கிற பந்து வெறும் தண்ணியில முங்கிடும். அரை லிட்டர் வெந்நீர்ல 125 கிராம் உப்பு கரைச்சு ஆற வெச்சா மிதக்கும். மேல வர்ற இடத்துல மார்க்கர் புள்ளி வெச்சு, சுண்டி விடுங்க. ஏழெட்டு தடவையும் அதே புள்ளி மேல வந்தா அந்தப் பந்தை பிராக்டிஸுக்கு ஒதுக்குங்க. நல்ல பிராண்ட் புதுப் பந்துக்கு இந்த வேலையே தேவையில்லை.

அல்சூர் சேகர்:
ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். கார்ட் (கோல்ஃப் வண்டி) பாதையில பட்டு சிராய்ச்சா நடு ஹோல்ல மாத்தலாமா? டிசம்பர் காலையில பந்தைச் சூடு பண்ணி எடுத்துட்டுப் போகலாமா?

இந்திராநகர் வாத்தியார்:
சிராய்ப்புக்கு மாத்த முடியாது. அந்த ஹோல்ல ஆடும்போது வெட்டுப்பட்டோ விரிசல் விட்டோ இருந்தாதான் மாத்தலாம். அடுத்த ஹோல் டீயில (முதல் அடி அடிக்கிற இடம்) தாராளமா புதுசு எடுங்க, போட்டியில ஒரே மாடல் விதி போட்டிருந்தா மட்டும் அதே மாடல்ல. வேணும்னே சூடு பண்ணின பந்தோட ஆடினா தகுதி நீக்கம். ராத்திரி பேகை கார் டிக்கியில போடாம வீட்டுக்குள்ள வெச்சாலே போதும்.