நாலு பூச்சி இல்லாமல் போனால் எங்கள் வயலுக்கு என்ன?

முரசுமோட்டைப் பொடியன்:
வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். உயிர்ப்பல்வகைமை என்றால் மரபணு, இனம், சூழற்றொகுதி என்று மூன்று மட்டத்திலும் இருக்கிற வேறுபாடு, அதைப் பாடமாக்கி எழுதலாம், அது பிரச்சினை இல்லை. ஏறத்தாழ 10 இலட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்று 2019இல் வந்த பன்னாட்டு அறிக்கை பற்றியும் வாசித்தேன். ஆனால் நேற்று இரவு அப்பா கேட்டார், "உலகத்தில எத்தினையோ பூச்சி இருக்கு, அதில நாலு இல்லாமல் போனால் எங்கட வயலுக்கு என்னடா?" அவர் உண்மையாகவே அறியத்தான் கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை. வயல் செய்கிறவருக்கு விளங்குகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

வாய்க்கால்கரை:
தம்பி, அப்பாவிடம் அறக்கொட்டியானைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்காது. நெல்லின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சும், வயல் வட்டம் வட்டமாக எரிந்த மாதிரிக் காயும். இதற்கென்று மருந்தடித்தால் முதலில் சாவது அதைத் தின்னுகிற சிலந்திதான். அறக்கொட்டியானின் முட்டை நெல்லின் இலை மடலுக்குள்ளே இருப்பதால் மருந்து அதைத் தொடாது. சில நாள் கழித்துக் குஞ்சு வெளியே வரும்போது தின்ன ஆளே இல்லை, முந்தியதைவிடக் கூடப் பெருகும், திரும்ப மருந்து. நானே ஒரு காலபோகத்தில் மூன்று தரம் அடித்து, கடைசியில் ஒரு ஏக்கரை அப்படியே விட்டேன். இந்தோனேசியாவில் இதே கதைதான் நாடு முழுக்க நடந்தது, 1986இல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளை அரசாங்கமே தடை செய்தது. அப்பா கேட்ட அந்த நாலு பூச்சிதான் சம்பளம் வாங்காமல் உங்கள் வயலில் நிற்கிறது.

பாலையடி:
வயலுக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம் தம்பி, காட்டையும் பாருங்கள். நான் ஒட்டுசுட்டான் பக்கம். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போனால் பழத்தின் பால் உதட்டில் பிசினாக ஒட்டும், போகிற வழியில் கரடி போட்ட எச்சத்தில் பாலை விதை நிறையக் கிடக்கும். கரடியும் பறவைகளும் குரங்கும் தின்று தூரத்தில் போட்டால்தான் தாய்மர நிழலை விட்டு வேறு இடத்தில் கன்று வரும். கரடி என்றால் எங்களுக்கு நல்ல பயம், முகம் கிழிபட்டவர்களைக் கண்டிருக்கிறேன், அது வேறு. ஆனால் இவை குறைந்தால் காடு உடனே சாகாது, பெரிய மரங்கள் அப்படியே நிற்கும், நாங்களும் காடு இருக்கிறது என்று நினைப்போம். கீழே கன்று இல்லை என்பதைக் குனிந்து பார்க்கிறவர்தான் காண்பார். எனக்கு நெஞ்சு பதறுவது இதற்குத்தான்.

முரசுமோட்டைப் பொடியன்:
நன்றி அண்ணை, அக்கா. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிலந்திக் கதையை ஒத்துக்கொண்டார், ஆனால் "அதுதான் அறக்கொட்டியான் தாங்குகிற நெல் வருகுதே" என்கிறார்.

விதைப்பெட்டி:
அந்தத் தாங்கும் சக்தி எங்கே இருந்து வந்தது என்று அப்பாவைக் கேளுங்கள். 1973இல் பிலிப்பைன்ஸில் ஐஆர் 26 என்று ஒரு நெல் விட்டார்கள், அறக்கொட்டியான் தொடாது என்று எல்லோரும் அதையே போட்டார்கள், இரண்டு மூன்று வருடத்தில் பூச்சி அதற்கும் பழகிவிட்டது. பிறகு வேறு எதிர்ப்பு தேடிப் போனபோது கைகொடுத்தவற்றில் ஒன்று எங்கள் நாட்டுப் பழைய நெல், ரத்துஹீனட்டி. அதில் இருந்த எதிர்ப்பு மரபணுவைப் புது நெல்லினங்களுக்குள் கொண்டு வந்தார்கள். விளைச்சல் காணாது என்று அதை எல்லோரும் கைவிட்டு, விதையும் இல்லாமல் போயிருந்தால் எதை எடுப்பது? எங்கள் மொட்டைக்கறுப்பனுக்குள்ளும் பச்சைப்பெருமாளுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று நாளைக்குத்தான் தேவைப்படும். நான் ஒவ்வொரு வருடமும் கால் ஏக்கரில் மொட்டைக்கறுப்பன் போடுகிறேன், விற்க அல்ல, விதை அறக்கூடாது என்றுதான்.

முரசுமோட்டைப் பொடியன்:
இன்று விடிய அப்பாவோடு வயலில் இறங்கி நெல் அடியை விலக்கிப் பார்த்தோம். ஒரு சிலந்தி பின்பக்கத்தில் வெள்ளை உருண்டை ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடியது. அது என்ன?

வாய்க்கால்கரை:
முட்டைப்பை தம்பி. அதற்குள் குஞ்சுகள் நிறைய இருக்கும். இந்தக் கிழமை அந்த வயலுக்கு மருந்து அடிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.