47 வயதில் பதவி உயர்வை மறுப்பது சுயநலமா?

நடுக்கடல்:
வயது 47. அலுவலகத்தில் அடுத்த படிக்கு ஏறச் சொல்கிறார்கள். சம்பளம் நன்றாகவே கூடும். கூடவே மாதத்தில் பாதி நாள் வெளியூர், மீதி நாள் ராத்திரியிலும் போன். எனக்கு வேண்டாம் என்றிருக்கிறது. மகள் கல்லூரியில், மகன் பள்ளியில். வீட்டுக்கடன் உண்டு, ஆனால் இப்போதைய சம்பளத்தில் கழுத்தை நெரிக்கவில்லை. அப்பா தனியாக இருக்கிறார், ஞாபகம் லேசாகத் தடுமாறத் தொடங்கியிருக்கிறது. மனைவியிடம் கேட்டால் “உங்க இஷ்டம்” என்கிறார்.

வெளியே யாரிடம் பேச்செடுத்தாலும், “சரி, அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறாய்?” என்ற கேள்வி வருகிறது. உண்மையைச் சொன்னால், ஒன்றும் செய்யப் போவதில்லை. நாவல் எழுதும் ஆசை இல்லை, தொழில் தொடங்கும் எண்ணம் இல்லை. இதற்கு மேல் ஓட வேண்டாம், அவ்வளவுதான். இது சுயநலமா? ஆறுதல் வேண்டாம், வாதம் செய்யுங்கள்.

கணக்கன்:
கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஆமாம், சுயநலம்தான்.

ஏதோ ஒரு லட்சியத்துக்காக மறுக்கிறேன் என்றிருந்தால்கூட யோசித்திருப்பேன். சும்மா இருப்பதற்காக மறுப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் சம்பாதிக்கும் காலம். 55க்கு மேல் யாரும் கூப்பிட்டுப் படி ஏற்ற மாட்டார்கள். அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு முழுநேர ஆள் வைக்க வேண்டி வந்தால், “பணம் இல்லை அப்பா, ஆனால் நான் நிம்மதியாக இருக்கிறேன்” என்று சொல்வீர்களா? இந்த வயதில் எல்லாருக்கும் வருகிற சலிப்பு இது. வரும், போகும். போகிற ஒன்றுக்காக நிரந்தரமான முடிவு எடுக்காதீர்கள்.

தாழ்வாரம்:
கணக்கன் சார், “எல்லாருக்கும் வருகிற சலிப்பு” என்பதில் பாதிதான் சரி.

‘நடுவயது நெருக்கடி’ என்ற பேச்சைப் பரப்பியது எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1965இல் வெளியிட்ட கட்டுரை. அவர் முக்கியமாக எடுத்துப் பார்த்தது பெரிய கலைஞர்களின் வாழ்க்கையை. மாதச் சம்பளக்காரர்களை அல்ல. பிற்பாடு, 2000ஆம் ஆண்டு வாக்கில், எலைன் வெதிங்டன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் சாதாரண மக்களிடம் கேட்டபோது, தமக்கு அப்படி ஒன்று வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். அவர்களிலும் பலர் சொன்ன காரணம் விவாகரத்து, வேலை இழப்பு, சாவு போன்ற நிகழ்ச்சிகள். வயது அல்ல.

ஆனால் சராசரி மனநிறைவு இளமையில் உயர்ந்தும், நடுவயதில் தாழ்ந்தும், பிறகு மறுபடி ஏறியும் போவதாகப் பொருளியலாளர் டேவிட் பிளாஞ்ச்ஃப்ளவர் பல நாடுகளின் தரவுகளை வைத்துக் காட்டியிருக்கிறார். 2020இல் அவர் சொன்ன அடிமட்ட வயது 47, 48. நடுக்கடல், உங்கள் வயதுதான்! சிம்பன்சி, ஒராங்குட்டான் குரங்குகளிடமும் இதே வளைவு தெரிகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. குரங்குக்கு வீட்டுக்கடனும் இல்லை, பதவி உயர்வும் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

கணக்கன்:
நன்றி. என் கட்சிக்கு நல்ல சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள். 48க்குப் பிறகு தானாக ஏறும் என்றால், ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டியதுதானே?

தாழ்வாரம்:
அவசரப்படாதீர்கள். அது சராசரி. ஒரு தனி ஆளுக்கு என்ன நடக்கும் என்று அது சொல்லாது. அதோடு, இளையவர்களின் மனநலம் மோசமானதால் அந்த நடுவயதுக் குழியே இப்போது பல இடங்களில் காணாமல் போய்விட்டது என்று அதே பிளாஞ்ச்ஃப்ளவர் அண்மையில் எழுதியிருக்கிறார். வளைவை நம்பி ஒருவர் வாழ்க்கையைத் தள்ளிப்போட முடியாது.

முகில்மொழி:
இரண்டு ஆண்கள் வளைவு வரைந்துகொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு பெண்ணும் பேசட்டுமா?

எனக்கு 49. நெருக்கடி வருவதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை. போன வருடம் ஒரு நாள், மாமியாரின் ஸ்கேனுக்கு நேரம் வாங்கக் காதில் போனை இடுக்கிக்கொண்டு, மகனின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ‘நோயாளியின் பெயர்’ என்று போனில் கேட்டார்கள், மகன் பெயரைச் சொல்லிவிட்டேன். மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள் என்று நடுவில் நசுங்குகிறவர்களுக்கு டோரதி மில்லர் என்ற சமூகப் பணியாளர் 1981இலேயே ‘சாண்ட்விச் தலைமுறை’ என்று பெயர் வைத்துவிட்டார். அவர் எழுதியது முக்கியமாகப் பெண்களைப் பற்றித்தான்.

நடுக்கடல் அண்ணா, எனக்கு இரண்டு இடம் உறுத்துகிறது. முதலாவது, “உங்க இஷ்டம்” என்பது சம்மதம் இல்லை. சொன்னால் எடுபடாது என்று தெரிந்தவர்கள் சொல்லும் வார்த்தை அது. அவர் வேலைக்குப் போகிறாரா, அவருக்கு எத்தனை மணிக்கு நாள் முடிகிறது, எதுவும் நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது, “ஒன்றும் செய்யப் போவதில்லை” என்று சொல்லும் வசதி வீட்டில் ஒருவருக்கு இருந்தால், செய்கிற இன்னொருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

அதற்காகப் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. மாதத்தில் பாதி நாள் நீங்கள் வெளியூரில் இருந்தால் அப்பாவைப் பார்க்கப் போவது யார் என்று நினைக்கிறீர்கள்? கணக்கன் சொல்லும் கூடுதல் சம்பளத்தின் விலையைக் கட்டப்போவது உங்கள் மனைவி.

கணக்கன்:
முதல் முறையாக ஒரு நல்ல கேள்வி. ஆனால் கூடுதல் சம்பளத்தில் ஆள் வைக்கலாமே அம்மா.

முகில்மொழி:
வைக்கலாம். அந்த ஆள் வரவில்லை என்றால் யாருக்குப் போன் வரும்? அதுதான் என் கேள்வி.

இரண்டாம்மகன்:
இங்கே நான்தான் வயதில் சின்னவன் என்று நினைக்கிறேன், 24. எழுதலாமா என்று தயங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா எந்தப் பதவி உயர்வையும் மறுத்ததில்லை. எங்களுக்கு எந்தக் குறையும் வைத்ததும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மதிப்பெண் அட்டைக்கும் ஒவ்வொரு சண்டைக்கும் “உங்களுக்காகத்தானே இந்தப் பாடு” என்பார். நான் கேட்டு வாங்காத ஒரு கடனுக்கு வட்டி கட்டுவது மாதிரி வளர்ந்தேன். படிப்பை மாற்றிக்கொள்ள விரும்பியபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் என்னை அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அவர் பட்ட பாட்டை நினைத்து நானே வாயை மூடிக்கொண்டேன்.

கணக்கன் சார், பிள்ளைகளின் பெயரில் நீங்கள் எழுதும் இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கணக்கன்:
தம்பி, உங்கள் அப்பா சொல்லிக்காட்டியது தவறு. சம்பாதித்தது தவறில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். படிப்பை மாற்ற வேண்டும் என்று வாய் திறந்திருந்தால் அதற்கும் பணம் வேண்டியிருந்திருக்கும். அது இருந்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் அப்பா நிம்மதியான மனிதர், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றார். அப்பாவை யாரும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அக்காவின் மகள் கல்லூரிக் கட்டணத்தை நான்தான் கட்டுகிறேன்.

இரண்டாம்மகன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன் சார். ஆனாலும் சம்பாதிப்பவர்கள் பலரும் சொல்லிக்காட்டவும் செய்கிறார்கள். பிடிக்காமல் செய்கிற வேலைக்கு யாரிடமாவது கூலி கேட்கத்தான் தோன்றும்போல.

நடுக்கடல்:
படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முகில்மொழி கேட்டதற்குப் பதில்: மனைவியும் வேலைக்குப் போகிறார். அவருடைய நாள் என் நாளைவிட நீளம். இதை முதல் பதிவில் எழுத எனக்குத் தோன்றவில்லை, அதற்கு நீங்கள் என்ன அர்த்தம் எடுத்தாலும் சரி.

‘சும்மா இருப்பது’ பற்றிக் கணக்கனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவிடம் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அறை என்று ஏழு மூடி வைத்த மாத்திரைப் பெட்டி இருக்கிறது. தினமும் போனில் “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்பேன், “போட்டாச்சு” என்பார். போன மாதம் ஒரு மாலை வேலை எதுவும் இல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்கூட இல்லை. சும்மா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தபோதுதான், செவ்வாயும் வியாழனும் திறக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அன்று வெள்ளி. அவர் பொய் சொல்லவில்லை, போட்டுவிட்டதாகவே நம்புகிறார். வேலை வைத்துக்கொண்டு போயிருந்தால் அந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

தாழ்வாரம்:
இதைத்தான் அரிஸ்டாட்டில் வேறு மாதிரி பிரிக்கிறார். வீடு கட்டுவது முடிகிற செயல். முடியும்வரை நிறைவு இல்லை, முடிந்ததும் செயலே இல்லை. பார்ப்பதும் சிந்திப்பதும் அப்படி அல்ல, செய்யும்போதே அவை நிறைந்திருக்கின்றன. நாற்பது வயதுவரை நாம் முதல் வகையையே அடுக்கிக்கொண்டு போகிறோம்: படிப்பு, வேலை, கல்யாணம், வீடு. ஒவ்வொன்றும் முடிந்தபின் கை காலியாக இருக்கிறது. நடுக்கடலின் ‘ஒன்றும் செய்யப் போவதில்லை’ என்பதை சோம்பல் என்று நான் எடுக்கவில்லை. முடிக்க வேண்டிய காரியம் இன்னொன்று வேண்டாம் என்கிறார். உளவியலாளர் எரிக் எரிக்சனும் நடுவயதின் சவாலாகச் சொன்னது அடுத்த தலைமுறையைப் பேணி வளர்ப்பதையா, தேங்கிப்போவதையா என்பதைத்தான். எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

கணக்கன்:
அரிஸ்டாட்டிலுக்கு மாதத் தவணை இல்லை. அவர் வீட்டு வேலையை அடிமைகள் செய்தார்கள். முகில்மொழி சொன்னதுதான் அங்கேயும்.

முகில்மொழி:
சிரித்துவிட்டேன். இதில் கணக்கன் பக்கம்.

கணக்கன்:
மாத்திரைப் பெட்டி விஷயம் என்னை யோசிக்க வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாலை உட்கார்ந்ததில் தெரிந்த ஒன்றை வைத்துப் பத்து வருடச் சம்பளத்தை விட முடியாது. என் கருத்து மாறவில்லை. மறுக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். மகளுக்கும் மகனுக்கும் படிப்பு முடியும்வரை ஆகும் செலவை ஒரு தாளில் எழுதி, இப்போதைய சம்பளத்தோடு ஒப்பிட்டு, அந்தத் தாளை மனைவி முன்னால் வையுங்கள். “உங்க இஷ்டம்” என்று தாளைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். அப்புறம் அலுவலகத்தில் ‘முடியாது’ என்று கதவைச் சாத்தாமல், வெளியூர் இல்லாமல் அதே படி கிடைக்குமா, அல்லது ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை மேலதிகாரி மாறினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முகில்மொழி:
தாளில் இன்னொரு பத்தியும் போடுங்கள் அண்ணா. அப்பாவுக்கு வாரத்தில் எந்த நாள் யார் போவது, மாத்திரைப் பெட்டியை யார் நிரப்புவது. அதில் மனைவியின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடுக்கடல்:
திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புகிறேன். தாள் எழுதியாயிற்று. மாத்திரை வரிசையில் மட்டும் பெயர் எழுதவில்லை, அதை மனைவி வந்து நிரப்பட்டும். சம்பள வரிசையில் ஒரு இடத்தில் கணக்கு இடிக்கிறது, கணக்கன் சார், தனிச்செய்தியில் அனுப்பட்டுமா?

கணக்கன்:
அனுப்புங்கள். வட்டி விகிதம் மாறக்கூடிய கடனா, மாறாத கடனா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.